திரும்ப மறுக்கும் திறப்பு

இலங்கைத் தமிழர் பூட்டைத் திறக்கும் கருவியைத் ‘திறப்பு’ என வழங்குவர். தமிழகத்தில் பெருவழக்காயுள்ள ‘சாவி’ போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. ‘திறப்பு’ என்பதோ தமிழின் வினையடியாகப் பிறந்து, செய்யவேண்டிய தொழிலையே தன் பெயராகக் கொண்டு நிற்பது. அதனாற்போலும், அது தன் தொழிலைச் செய்ய மறுக்கும்போது மனிதருக்கு உண்டாகும் சினம், ஏனைய கருவிகள் பழுதுபடும்போது உண்டாவதிலும் பெரிதாயிருக்கின்றது. வீட்டுக் கதவின் திறப்புத் திரும்பாவிடின் அயல்வீட்டுத் திண்ணையிற் சிறிது நேரம் அமர்ந்திருக்கலாம். காரின் திறப்புத் திரும்பாவிடினோ புறப்படவேண்டிய ஒருவர் புறப்பட முடியாது நிற்கின்றார்; அவர் போய்ச் சேரவேண்டிய இடத்தில் வேறொருவர் காத்திருக்கின்றார்.

சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள ஊரொன்றில், வேப்பமர நிழலிற் கராச் நடத்திய முதியவர் ஒருவர் இந்தச் சினத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பார்த்து வந்தவர். இன்று அவர் எண்பதைக் கடந்துவிட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, 1950களின் இறுதியில், பதினான்கு வயதில், யாழ்ப்பாண நகரத்துக் கராச் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாண வீதிகளை ஆண்டவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலக் கார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரக் கொள்கை மாறும்வரை அந்நிலை நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் புதிய கார் வாங்குதல் மிகச் சிலருக்கே இயன்றது. உள்ளதைச் செப்பனிட்டு ஓட்டுவதே ஏனையோரின் வழியாயிற்று. கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டும் வசதி இல்லாத இடத்தில், பழுது எங்கே இருக்கின்றது என்பதைச் சரியாகக் கண்டறிவதே தொழிலின் உயிராகின்றது. முதியவர் கற்றுத் தேர்ந்தது இக்கலையையே.

அவருடைய கலைக்கு ஓர் அடிப்படைப் பாகுபாடு உண்டு. கராச்சுக்கு ஓடிவருபவர் எவரும் “கார் ஸ்ராட் வருகுதில்லை” என்ற ஒரே வாக்கியத்தையே சொல்வர். அவர் உடனே கருவிப் பெட்டியைத் தூக்குவதில்லை. “திறப்புத் திரும்புதோ? திரும்பினாப் பிறகு எஞ்சின் சுத்துதோ? சுத்தியும் பத்துதில்லையோ?” என மூன்று வினாக்களை அதே ஒழுங்கிற் கேட்பார். திறப்பே திரும்பாவிடின் பழுது பூட்டைச் சார்ந்தது. திரும்பியும் எஞ்சின் சுழலாவிடின் மின்சாரத்தைச் சார்ந்தது. சுழன்றும் பற்றாவிடின் பொறியையோ எரிபொருளையோ சார்ந்தது. முதலாவதற்கு மறுமொழி கிடைக்குமுன் மூன்றாவதைத் தேடிப் போகின்றவன் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குவான் என்பது அவர் கருத்து.

இப்பாகுபாட்டின் பெறுமதியை உணரக் காரின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். தொடக்ககாலக் கார்களை இயக்கத் திறப்புப் போதாது. முன்புறத் துளையில் இரும்பு ஹாண்டிலைச் செருகிக் கையாற் சுழற்ற வேண்டும். பற்றவைப்பு முந்தி நிகழுமாயின் ஹாண்டில் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். சார்ள்ஸ் கெற்றறிங் ஆக்கிய மின் ஸ்ராட்டர் 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களிற் பொருத்தப்பட்ட பின்னரே அந்த ஆபத்துப் படிப்படியாக நீங்கியது. எனினும் ஆங்கிலக் கார்கள் ஹாண்டிலை நெடுங்காலம் கைவிடவில்லை. 1950களின் ஒஸ்ரின் ஏ40 காரில் திறப்பு மின்னிணைப்பைக் கொடுக்க மட்டுமே பயன்பட்டது. ஸ்ராட்டரை இயக்கத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். பற்றரி இளைத்துவிட்டால் ஹாண்டில் இருந்தது. ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை ஏனைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழே அமுக்காது மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்பது முதியவர் தம் முதலாளியிடமிருந்து பெற்ற முதற் பாடம். உதைத்தாலும் கை விலகிக்கொள்ளும்.

ஒரே திறப்பைத் திருப்பி எஞ்சினையும் இயக்கும் முறையை அமெரிக்காவிற் கிறைஸ்லர் நிறுவனம் 1949 இல் அறிமுகஞ் செய்தது. அது பின்னர் உலகெங்கும் பரவியது. திருட்டைத் தடுக்கும் பொருட்டு 1960களிலும் 1970களிலும் ஸ்ரியறிங் பூட்டும் இவ்விடத்திலேயே வந்து சேர்ந்தது. 1977 இற்குப் பின் ஜப்பானியக் கார்கள் இலங்கைக்குப் பெருமளவில் வந்தபோது, மின்னிணைப்பு, ஸ்ராட்டர், ஸ்ரியறிங் பூட்டு ஆகிய மூன்றும் ஒரே துளைக்குள் ஒடுங்கியிருந்தன. ‘திறப்புத் திரும்பவில்லை’ என்ற முறைப்பாடு கராச்சுகளில் அடிக்கடி கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே.

இம்முறைப்பாட்டின் காரணங்களிற் பெரும்பாலானவை மிக எளியவை. கார் நிறுத்தப்பட்டுத் திறப்பு எடுக்கப்பட்ட பின் எவரேனும் ஸ்ரியறிங்கை அசைத்துவிட்டால், அல்லது முன்சில்லு கல்லொன்றிலோ வீதி விளிம்பிலோ அழுந்தி நின்றால், உள்ளேயுள்ள இரும்புத் தாழ் பளுவுக்குள் அகப்பட்டுவிடும். அந்நிலையில் திறப்பு மட்டும் எவ்வளவு முறுக்கினாலும் அசையாது. இடக்கையால் ஸ்ரியறிங்கை இருபுறமும் மெல்ல அசைத்துக்கொண்டு, வலக்கையால் திறப்பை மெதுவாகத் திருப்பினால், பளு நீங்கும் கணத்திற் பூட்டு இளகிவிடும். தன்னியக்கக் கியர் உள்ள காராயின், கியர் நிறுத்த நிலையில் உள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். இவ்வளவையும் அறியாது பலத்தைப் பிரயோகித்தவர்கள் முறிந்த திறப்போடு வந்து நின்றதை முதியவர் பலமுறை கண்டிருக்கின்றார். “பூட்டோடை சண்டை பிடிச்சா, ஐயா, பூட்டுத்தான் வெல்லும்” என்பது அத்தகையோருக்கு அவர் சொல்லும் ஒரே கண்டனம்.

சில வேளைகளிற் குறை திறப்பிலேயே இருக்கும். பூட்டின் உருளைக்குள் சின்னஞ்சிறு பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சிறு வில்லுச் சுருள் தள்ளிக்கொண்டிருக்கின்றது. உரிய திறப்பின் பற்கள் அவையனைத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொணர்ந்தாலன்றி உருளை சுழலாது. ஒரு தகடு மயிரிழையளவு புறத்தே நின்றாலும் போதும், திறப்பு நின்றுவிடும். நெடுங்காலம் பாவித்த திறப்பின் பற்கள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. அதனைப் பார்த்து வெட்டிய மறு திறப்பு அத்தேய்வையும் சேர்த்தே பெறுகின்றது. அதனைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் குறை மேலும் பெருகுகின்றது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய மாணவருக்கு இது புதிதன்று; பிரதியின் பிரதி மூலத்திலிருந்து விலகிச் செல்லும் முறையே இதுவும். சுவடியில் மூலபாடத்தைத் தேடுவதுபோல, முதியவரும் திறப்பிலோ பூட்டின் முகத்திலோ பொறிக்கப்பட்ட இலக்கத்தைத் தேடி, அவ்விலக்கத்துக்குரிய பற்களையே வெட்டுவிப்பார்.

திறப்பும் குறையற்றதாயின் எஞ்சியிருப்பது தூசி. பூட்டுக்குள் எண்ணெய் விடுவது பலரின் வழக்கம். எண்ணெய் ஒரு கிழமை உதவி, பின்னர் தூசியைப் பற்றிப் பசையாக்கிவிடும். முதியவர் பள்ளிப் பிள்ளையின் பென்சில் ஒன்றை எடுத்து, அதன் கரியைத் திறப்பின் இருபுறமும் தேய்த்து, பூட்டுக்குள் பலமுறை செலுத்தி எடுப்பார். பென்சிலின் கரி உலர்ந்த வழுக்குப் பொருள், தூசியைச் சேர்க்காது. கோயிற் கதவின் திறப்பையும் இரும்புப் பெட்டியின் திறப்பையும் கார்த் திறப்போடு ஒரே வளையத்திற் கோத்துத் தொங்கவிட்டிருப்போரை அவர் கடிந்துகொள்வதுண்டு. ஓட்டத்தில் ஆடும் அந்தச் சுமை பூட்டின் உள்ளுறுப்புகளை நாளடைவிற் தேய்த்துவிடும்.

திறப்புத் திரும்பியும் எஞ்சின் மௌனஞ் சாதிப்பது இரண்டாம் வகை. இங்கு அவர் கையாளும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முன்விளக்குகளை எரியவிட்டு, ஸ்ராட்டரை இயக்கும்போது அவற்றைக் கவனிக்கச் சொல்வார். இரு விளக்குகளுக்கும் ஏறத்தாழ 10 அம்பியர் போதும். ஸ்ராட்டருக்கோ நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். விளக்கு மங்கி அணைந்துபோனால் பற்றரி இளைத்துவிட்டது, அல்லது அதன் முனைகளிற் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்த உப்பு மின்னோட்டத்தைத் தடுக்கின்றது. விளக்குச் சற்றும் மங்காது நின்றால் மின்சாரம் ஸ்ராட்டரைச் சென்றடையவேயில்லை. பழைய கார்களில் மூன்றாவது ஒரு நிலையும் உண்டு: ஸ்ராட்டரின் பற்சில்லு எஞ்சினின் பெருஞ்சில்லோடு கடித்துக்கொண்டு நின்றுவிடும். காரைக் கியரிற் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் அது விடுபடும். கார் ஒன்றை நால்வர் கூடி ஆட்டுவதைக் கண்டு நகைத்த சிறுவர்கள், அதன் பின்னர் அது உறுமிப் புறப்படுவதைக் கண்டு வாயடைத்து நின்றதுமுண்டு.

இவ்வறிவு உயிர்காக்கும் அறிவாக மாறிய காலமும் வந்தது. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு எரிபொருள் உட்படப் பல பொருள்கள் செல்வது தடைப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பெற்றோல் போத்தற் கணக்கில் அளக்கப்படும் அரும்பொருளாயிற்று. அப்போது ஒதுக்குப்புறங்களிற் கிடந்த பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மீண்டும் வீதிக்கு வந்தன. அமுக்கம் குறைந்த அவற்றின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயிலும் ஓடவல்லன. ஆயின் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. முதலிற் சில துளி பெற்றோலை ஊற்றிப் பற்றவைத்து, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போரையடுத்த காலத்துப் பேர்கசன் உழவு இயந்திரங்களுட் சில இவ்வாறே பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எண்ணெயொன்றில் ஓடுமாறு ஆக்கப்பட்டிருந்தன. அங்கே தொழிற்சாலை வகுத்துக் கொடுத்த முறையை இங்கே கராச்சுக்காரர் தம் பட்டறிவாற் கண்டனர். வெண்புகையையும் நெடியையும் கக்கிக்கொண்டு அக்கார்கள் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் காயப்பட்டோரையும் சுமந்தன.

1993 ஆம் ஆண்டு மாரி காலத்து இரவொன்றில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டிலிருந்து முதியவருக்கு அழைப்பு வந்தது. தபாலதிபரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. அயல்வீட்டுப் பெண் தலைப்பிள்ளைப் பேற்று வேதனையில் இருந்தாள். மருத்துவிச்சி கைவிரித்துவிட்டாள், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகுமாறு சொல்லிவிட்டாள். பதற்றத்திற் தபாலதிபர் திறப்பை முறுக்க, அது திரும்பவில்லை. குறடு கொண்டு முறுக்கினார். திறப்பின் பாதி பூட்டுக்குள்ளேயே முறிந்து நின்றது.

முதியவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், அவரது கராச் எடுபிடி, பின்னாற் குந்தியிருந்தான். அவன் கையிற் ஜாம் போத்தலிற் செய்த சிக்கன விளக்கு இருந்தது. காரைச் சூழ்ந்து நின்ற பத்துப் பேர் பத்து யோசனைகளைக் கூறினர். உள்ளே பெண்ணின் அலறல் கேட்டது.

“தம்பி, பூட்டை உடைப்பமோ?” என்றார் தபாலதிபர்.

“வேண்டாம் ஐயா. திறப்பு முறிஞ்சது பூட்டுக்குள்ளைதான். எஞ்சினுக்கு ஒண்டும் நடக்கேல்லை” என்றார் அவர்.

கூட்டத்தில் நின்ற எவருக்கும் தோன்றாதது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒஸ்ரினில் ஸ்ரியறிங் பூட்டு இல்லை. திறப்பின் வேலை கொயிலுக்கு மின்னிணைப்புக் கொடுப்பது மட்டுமே. அவ்விணைப்பை வேறு வழியிற் கொடுத்துவிட்டால் திறப்பே வேண்டியதில்லை. அவர் பொனற்றைத் திறந்து, பற்றரியிலிருந்து கொயிலுக்கு ஒரு வயரைத் தொடுத்தார். பற்றரி நலிந்திருந்தது. ஸ்ராட்டரை இழுக்கப் போதாது. ஆயினும் பொறி கொடுக்கப் போதும். காற்று வடியைக் கழற்றி, மடியிலிருந்த மருந்துப் போத்தலை எடுத்தார். அதில் நாலிலொரு பங்கு பெற்றோல் இருந்தது.

“விளக்கைக் கொண்டு கிணத்தடிக்குப் போ. நான் கூப்பிடுமட்டும் வராதை” என்றார் பையனிடம்.

பெற்றோலுக்கு அருகே சுடர் வரக்கூடாது. அதன் பின்னர் அவர் செய்தவை யாவும் இருளிற் தடவிச் செய்தவை. சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டார். ஹாண்டிலைச் செருகி, பெருவிரலை ஒதுக்கி, மேல்நோக்கி இழுத்தார். முதல் முறை எஞ்சின் பெருமூச்சு மட்டும் விட்டது. இரண்டாம் முறை உதைத்தது, கை விலகிக்கொண்டது. மீண்டும் சில துளி. மூன்றாம் முறை பற்றியது. எஞ்சின் சூடேறும்வரை துளித்துளியாய்ப் பெற்றோல் ஊட்டி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்.

“ஐயா, நிற்பாட்டாதேங்கோ. நிற்பாட்ட வேணுமெண்டா இந்த வயரைக் கழட்டுங்கோ. திரும்பி வரேக்கை பாப்பம்” என்று சொல்லி, மருந்துப் போத்தலில் எஞ்சியிருந்ததைத் தபாலதிபரிடம் கொடுத்தார். விடியுமுன் ஆண்குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். முதியவர் கூலி பெறவில்லை. போத்தலை மட்டும் மறக்காது திருப்பிக் கேட்டார். அக்காலத்திற் போத்தலும் எளிதிற் கிடைப்பதாயிருக்கவில்லை.

அன்றிரவு கிணற்றடியில் விளக்கோடு நின்ற பையனுக்கு எதுவும் தெரியவில்லை. ஒலிகள் மட்டுமே கேட்டன. ஆயினும் தன் தொழிலின் முதற் பாடத்தைத் தான் கற்றது அங்கேதான் என்று அவன் பிற்காலத்திற் கூறுவதுண்டு. எல்லோரும் முறிந்த திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, திறப்பு என்ன வேலையைச் செய்கின்றது என்று ஒருவர் யோசித்தார். வேறுபாடு அவ்வளவே.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். மழையிலும் சேற்றிலும் சாவகச்சேரி நோக்கி நகர்ந்த அந்தப் பெருங்கூட்டத்திற் கார்களுக்கு இடமிருக்கவில்லை. பலருக்கு எரிபொருளும் இருக்கவில்லை. காரைக் கொட்டிலுள் நிறுத்திப் பூட்டி, திறப்பை மடியிற் செருகிக்கொண்டு புறப்பட்டோர் பலர். சில நாட்களில் மீளலாம் என்பது எல்லோரதும் எண்ணம். 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பெருந்தொகையானோர் திரும்பி வந்தபோது, சில கார்கள் சில்லுகளின்றி நின்றன. சில எரிந்து கிடந்தன. பல இருந்த இடமே தெரியவில்லை. மடியில் திறப்பு இருந்தது. அது திரும்புவதற்குப் பூட்டு இல்லை.

அத்திறப்புகளை என்ன செய்வது என்று அவற்றை வைத்திருந்தோருக்குத் தெரியவில்லை. எறிய மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் மனம் கொள்ளவில்லை. ஒருவர்பின் ஒருவராய் முதியவரிடம் கொண்டுவந்து கொடுத்தனர். “உங்களிட்டைக் கிடக்கட்டும்” என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொல்லவில்லை. அவர் அவற்றை ஒரு பிஸ்கற் பேணியில் இட்டு, ஒவ்வொன்றின் இலக்கத்தையும் கொடுத்தவர் பெயரையும் பள்ளிக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்தார்.

பழைய ஆங்கிலக் கார்களின் திறப்புகள் வரையறுத்த சில தொடர்களுக்குள் அடங்குவன. ஒரு காரின் திறப்பு அதே இலக்கமுடைய இன்னொரு காரைத் திறக்கும். ஆதலால் அந்தப் பேணி பலமுறை பயன்பட்டது. திறப்பைத் தொலைத்தவர் வந்தால் பொருந்துவதை எடுத்துக் கொடுப்பார். கொடுக்குமுன் அதனைப் பார்த்து இன்னொன்று வெட்டுவித்து, மூலத்தைப் பேணிக்குள் திரும்ப வைத்துக்கொள்வார். பித்தளை கிடைத்தற்கரிய நாட்களில், பயனற்ற திறப்புகளை அராவிப் புதிய திறப்பு ஆக்கலாமே என்று பையன் கேட்டபோது, “ஆக்கள் வருவினம்” என்று மட்டும் கூறினார்.

ஒருவர் வந்தார். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி மக்களுக்குத் திறக்கப்பட்ட சில மாதங்களின் பின்னர், வன்னியிலிருந்து திரும்பிய ஒருவர் தம் தந்தையாரின் மொறிஸ் மைனர் உறவினர் வளவொன்றிற் கொடிபடர்ந்து கிடப்பதைக் கண்டுபிடித்திருந்தார். தந்தையார் இடப்பெயர்வின்போது இறந்துவிட்டார். திறப்பு எங்கே போயிற்று என்று மகனுக்குத் தெரியாது. முதியவர் கொப்பியைப் புரட்டினார். 1996 இல் அத்தந்தையாரின் சகோதரர் அதனைக் கொடுத்துவிட்டுச் சென்றிருந்தார்.

மூவரும் அவ்வளவுக்குச் சென்றனர். திறப்பு உள்ளே சென்றது; திரும்பவில்லை. மகன் ஆத்திரத்தோடு முறுக்க முனைந்தபோது முதியவர் அவர் கையைப் பற்றித் தடுத்தார். பூட்டுக்குள் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு நாள் கழித்து வருமாறு கூறினார். துருவைக் கரைக்க எண்ணெய். கரைந்த பின் அதனைத் துடைத்துப் பென்சிற் கரி. மூன்றாம் நாள் திறப்புத் தயங்கித் தயங்கித் திரும்பியது. எஞ்சின் அசையவில்லை, ஏழாண்டு மழையில் அதன் ஆடுதண்டுகள் இறுகிப்போயிருந்தன. அந்தக் கார் பின்னரும் ஓடவில்லை. ஆயினும் திறப்புத் திரும்பிய அக்கணத்தில் மகன் ஸ்ரியறிங்கின் மேற் தலையைச் சாய்த்து நெடுநேரம் இருந்தார். முதியவரும் பையனும் வேலியோரத்திற் போய் நின்றனர்.

போர் 2009 இல் முடிந்தபின் வந்த கார்கள் வேறு வகையின. அவற்றுட் பலவற்றிற் திறப்புக்கான துளையே இல்லை. ஒரு பொத்தான் இருக்கின்றது. திறப்பு என்பது சட்டைப்பையிற் கிடக்கும் சிறு பெட்டி. துளையுள்ளவற்றிலும் 1990களிற் பரவலான திருட்டுத் தடுப்புச் சில்லொன்று திறப்பின் தலைக்குள் இருப்பதால், பற்கள் பொருந்தித் திரும்பினாலும் கார் தன் திறப்பை அடையாளங் காணாவிடின் எஞ்சின் இயங்காது. முதியவரின் கண்ணொளி குறைந்துவிட்டது. அந்நாட் பையன் இன்று நடுவயதை எட்டி, அதே வேப்பமர நிழலிற் கணினிக் கருவியோடு கராச்சை நடத்துகின்றான்.

கருவிகள் மாறினும் வினாக்களின் ஒழுங்கு மாறவில்லை என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியின்போது நாடெங்கும் நாட்கணக்கிற் கார்கள் வரிசையில் நின்றன. வரிசை நகரும்போதெல்லாம் சில அடி தூரத்துக்குக் காரை இயக்கி நிறுத்தியும், இரவெல்லாம் வானொலியைக் கேட்டும் பலர் பற்றரியை இழந்தனர். கலப்பு மின்கார் ஒன்றை வைத்திருந்த இளம் ஆசிரியை ஒருவர், பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் ஏன் உயிர்பெறவில்லை என்று திகைத்து நின்றார். பின்னால் நின்றோர் ஒலியெழுப்பினர். அழைக்கப்பட்டு வந்த மாணாக்கன் கணினிக் கருவியை எடுக்கவில்லை. “பிறேக்கை மிதிச்சுக்கொண்டே பொத்தானை அமத்தினீங்கள், ரீச்சர்? கியர் பார்க்கிலையோ நிக்குது? உள் லைற் எரியுதோ?” என்று கேட்டான். உள்விளக்கு எரியவில்லை. இத்தகைய கார்களிற் கணினியை எழுப்புவது 12 வோல்ற் சிறு பற்றரியே. அது இறந்தால், பெரிய பற்றரி நிறைந்திருந்தும் பயனில்லை. அடுத்த காரிலிருந்து இரு வயர்களைத் தொடுத்ததும் கார் விழித்துக்கொண்டது. புறப்படுமுன் அவன் இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தான்: சட்டைப்பைப் பெட்டியின் சிறு பற்றரி தீர்ந்துபோனால் அப்பெட்டியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமத்த வேண்டும்; கதவைத் திறக்கவோ, அப்பெட்டிக்குள்ளேயே பழைய பாணி இரும்புத் திறப்பொன்று மறைந்திருக்கின்றது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1960களிற் போலவே இந்த ஐந்தாண்டுகளிலும் உள்ளதைச் செப்பனிட்டு ஓட்டும் நிலை நாட்டுக்கு ஏற்பட்டது. அத்தகைய நாட்களில் மட்டுமே கராச்சுக்காரனின் அறிவு சமூகத்தின் கண்ணிற் படுகின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘மின்கலவடுக்கு’ என்கின்றன. கராச்சிலோ அது ‘பற்றரி’. மின்கலவடுக்கைப் பரீட்சைத்தாளிற் சரியாக விளக்கும் மாணவன், இரவு வீதியில் விளக்கு மங்குவதற்கும் மங்காதிருப்பதற்கும் உள்ள பொருளை அறியாது நிற்கின்றான். பற்றரியை இருளிற் தடவி அறிந்தவரோ அதனை எழுத்திற் பதிக்கும் வாய்ப்பைப் பெற்றதில்லை. இருசாராரும் ஒரு பொருளையே அறிந்திருக்க, அவ்வறிவுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் மட்டும் நம் கல்வியில் இல்லை. நாட்டார் பாடல்களையும் கதைகளையும் கிராமந்தோறும் சென்று திரட்டுவதைத் தமிழ் ஆய்வு தன் கடனாக ஏற்றுக்கொண்டுள்ளது. தொழிலாளரின் அறிவும் அவ்வாறே வாய்வழியாக நிற்பது. அவ்வாறே ஆளோடு அழிவது. மூன்று வினாக்களும் அவற்றின் ஒழுங்கும், பெருவிரலை ஒதுக்கிப் பிடிக்கும் பிடியும், பென்சிற் கரியும், மண்ணெண்ணெய்க்கு முன் விடவேண்டிய துளிகளின் அளவும் எந்த நூலகத்திலும் தமிழில் இருத்தல் வேண்டும்.

முதியவரின் பிஸ்கற் பேணி இன்று கணினிக் கருவிக்கு அருகே தட்டில் இருக்கின்றது. அதிற் பதினாறு திறப்புகள் எஞ்சியுள்ளன. கொடுத்தவர்களிற் சிலர் கடல்கடந்து போய்விட்டனர், சிலர் இறந்துவிட்டனர். ஆண்டுக்கொருமுறை மாணாக்கன் அவற்றை வெளியே எடுத்துத் துடைக்க, பார்வை மங்கிய முதியவர் ஒவ்வொன்றாய்க் கையில் வாங்கி, பற்களை விரலாற் தடவி, கொப்பியைப் பாராமலே அதன் இலக்கத்தைச் சொல்கின்றார்.